63 தலங்கள், மூன்று பத்திகள்: வழி மாறிய ஒரு பட்டியலைத் திருத்திய விவரம்

மயிலாடுதுறையில் எங்கள் தெருவில் வாரத்துக்கு இரண்டு மாலை தேவார வகுப்பு நடக்கிறது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடத்துகிறார். வகுப்புக்கு வருபவர்களுக்குப் பாடினால் மட்டும் போதாது, பாடிய ஊரில் போய் நின்று பாட வேண்டும். அதனால் வசதிப்பட்ட ஞாயிறுகளில் வேன் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்காக நான் ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தேன். காவிரி வடகரைத் தலங்கள் 63, தென்கரைத் தலங்கள் 127, ஆக மொத்தம் சோழ நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 190. பெயரைத் தொட்டால் அந்த ஊர்ப் பதிகமும், ஊரின் இன்றைய பெயரும், போகிற வழியும் வரும்.

பக்கத்தில் எழுத்துப்பிழை இல்லை. இணைப்புகள் எல்லாம் வேலை செய்தன. ஆனாலும் அந்தப் பட்டியலை நம்பிப் போனவர்கள் ஒரு நாள் முழுக்க வழி மாறினார்கள். தவறு என்னுடையது, அதுவும் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் ஸ்டைல் ஷீட்டில் ஒரே ஒரு வரியில். எப்படி நடந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்று முழுதாக எழுதி வைக்கிறேன். பட்டியலைப் பத்தி பத்தியாகப் பிரிக்கிற வேலை நம்மில் பலருக்கும் அடிக்கடி வருகிறது. (நாளிதழில் மூன்று பத்திச் செய்தி என்கிறோமே, அந்தப் பத்தியைத்தான் சொல்கிறேன்.)

பட்டியலின் வரிசை

இந்தப் பட்டியலின் வரிசை அகர வரிசை இல்லை. அது ஒரு வழி. வடகரை வரிசை சிதம்பரத்தில் தொடங்குகிறது. அடுத்து திருவேட்களம், மூன்றாவது சிவபுரி என்று இப்போது சொல்கிற திருநெல்வாயில், நான்காவது திருக்கழிப்பாலை. இந்த நான்கும் கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கின்றன. பிறகு கொள்ளிடம் தாண்டி ஆச்சாள்புரம், மகேந்திரப்பள்ளி, தென்திருமுல்லைவாயில், அன்னப்பன்பேட்டையில் உள்ள திருக்கலிக்காமூர், சாயாவனம், பூம்புகார்ப் பல்லவனீச்சுரம், திருவெண்காடு என்று கடலோரமாகவே இறங்கும். சீர்காழிக்கு வந்து, வைத்தீஸ்வரன் கோயில் வழியாக உள்நாட்டுக்குத் திரும்பி, பெரும்பாலும் மேற்கே ஏறி, 63ஆவதாக ஈங்கோய்மலையில் முடியும். அங்கே காவிரியைத் தாண்டினால் ஐயர்மலையும் குளித்தலையும். தென்கரை வரிசையின் முதல் இரண்டு தலங்கள் அவைதான். அங்கிருந்து ஆற்றோடு சேர்ந்து கிழக்கே வந்து, வேதாரண்யம், அகத்தியான்பள்ளி, கோடியக்காடு என்று மறுபடி கடலைத் தொட்டு முடியும்.

ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்குகிற பாதை இது. யாத்திரை போகிறவர் பட்டியலை ஒன்று, இரண்டு, மூன்று என்று பின்பற்றினாலே ஏறக்குறைய சரியான சாலையில் போய்விடுவார். வரிசை கலைந்தால் பட்டியல் இருந்தும் பயனில்லை. இதை நான் பக்கம் செய்யும்போதே உணர்ந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு

அன்று வகுப்பு நடத்தும் ஐயாவுக்குக் காய்ச்சல், வண்டியில் அவர் இல்லை. வேன் ஓட்டும் அண்ணன் குத்தாலம் பக்கத்துக்காரர், கொள்ளிடத்துக்கு வடக்கே அவருக்குப் பழக்கமில்லை. யாரோ பக்கத்தை ஏ4 தாளில் அச்செடுத்துக் கொடுத்திருந்தார்கள். தாளில் மூன்று பத்திகளாக ஊர்ப்பெயர்கள் இருந்தன. முன்னால் எண்கள் இல்லை.

காலையில் சிதம்பரம் தரிசனம் முடிந்தது. அடுத்து வண்டி நேராகக் கழிப்பாலைக்குப் போயிற்று. அங்கே பாடிவிட்டுக் கொள்ளிடம் பாலம் தாண்டித் தென்திருமுல்லைவாயில். அங்கிருந்து பூம்புகார். பல்லவனீச்சுரத்தில் பதிகப் புத்தகத்தைப் பிரித்த ஓர் அம்மா, "சாயாவனம் இதுக்கு முன்னாடியே வரணுமே, எப்ப போனோம்?" என்று கேட்ட பிறகுதான் எல்லோரும் தாளைப் பார்த்திருக்கிறார்கள். சாயாவனம் பக்கத்திலேயே இருக்கிறது. உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்துவதற்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டார்கள். ஆனால் வேட்களமும் நெல்வாயிலும் விட்டுப்போயின. நெல்வாயில் கோயில் கழிப்பாலைக் கோயிலுக்கு மிக அருகில் இருக்கிறது. கூப்பிடு தூரம் வரை போய்விட்டுப் பார்க்காமல் வந்தது பலருக்கு மனக்குறை. திரும்பப் போவதென்றால் மறுபடி கொள்ளிடம் தாண்ட வேண்டும்.

மறுநாள் அந்தத் தாளைக் கொண்டுபோய் ஓட்டுநர் அண்ணனிடமே கேட்டேன். "ஏண்ணே இப்படிப் போனீங்க?" அவர் விரலை இடது பத்தியின் தலையில் வைத்து நேராகக் கீழே இழுத்தார். "இப்படித்தானே தம்பி படிக்கணும்? கல்யாணத்துக்கு மளிகை லிஸ்ட் எழுதினா இப்படித்தானே எழுதுவாங்க? ஒரு பக்கம் முடிஞ்சா அடுத்த பக்கம்."

அவர் சொன்னதில் தவறே இல்லை. என் பக்கம் பெயர்களைக் குறுக்காக அடுக்கியிருந்தது: முதல் வரியில் 1, 2, 3, இரண்டாம் வரியில் 4, 5, 6. இடது பத்தியை மட்டும் கீழ்நோக்கிப் படித்தால் 1, 4, 7, 10. அதாவது சிதம்பரம், கழிப்பாலை, முல்லைவாயில், பல்லவனீச்சுரம். அவர் அந்த வழியே அச்சுப் பிசகாமல் போயிருக்கிறார்.

இன்னொரு தடயமும் அப்போதே கையில் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. வகுப்புக்கு வருகிற ஓர் ஓதுவாருக்குப் பார்வை கிடையாது. பக்கத்தைப் போனில் டாக்பேக் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் செயலி) வாசிக்கக் கேட்பார். அவர் ஒரு நாளும் வரிசை தவறு என்று சொன்னதில்லை. அவருக்குச் சரியாகத்தான் கேட்டது. பக்கத்தின் உள்ளடக்கம் இருக்கிற எச்டிஎம்எல்லில் வரிசை ஒழுங்காக இருந்தது, காதால் கேட்டவர் அந்த வரிசையைப் பெற்றார். கண்ணால் பார்த்தவர்களுக்கு நான் வேறு வரிசையைக் காட்டியிருந்தேன்.

கிரிட் ஏன் வந்தது

முதலில் அந்தப் பட்டியல் உருப்படிகளை ஓரமாக மிதக்கவிடும் ஃப்ளோட் முறையில்தான் இருந்தது. ஒவ்வொரு உருப்படிக்கும் அகலம் 33.33 சதவீதம், இடதுபக்கம் மிதக்கவிட்டால் மூன்று மூன்றாகச் சேர்ந்துகொள்ளும். 2000களில் எல்லோரும் பழகிய முறை. எல்லா உருப்படிக்கும் உயரம் ஒன்றாக இருக்கும் வரை அது தொல்லை தராது. எங்கள் பட்டியலில் 14ஆவது சீர்காழி. அந்த ஊருக்குப் பன்னிரண்டு பெயர்கள்: பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம். பதிகங்கள் இந்தப் பெயர்களில் இருப்பதால் ஒன்றையும் விட மனம் வரவில்லை, பன்னிரண்டையும் போட்டேன். அந்த உருப்படி மட்டும் மற்றவற்றைப் போல மூன்று மடங்கு உயரமானது.

ஃப்ளோட்டின் விதிப்படி, பின்னால் வருவது முன்னால் மிதப்பதற்கு வலப்பக்கமாக நிற்க வேண்டும், இல்லையென்றால் அது முடிந்த பிறகு அதற்குக் கீழே வர வேண்டும். சீர்காழி நடுப் பத்தியில் நீண்டு கிடந்ததால் 16ஆவது வைத்தீஸ்வரன் கோயில் இடது ஓரத்துக்குப் போக முடியாமல் வலது மூலையில் சிக்கிக்கொண்டது. குருகாவூருக்குக் கீழே பெரிய வெற்றிடம். அது அசிங்கமாக இருந்ததால், இடத்தை வரியும் பத்தியுமாகக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட்டுக்கு மாறினேன். 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52, குரோம் 57 இரண்டிலும் கிரிட் வந்துவிட்டது. இன்றைக்கு அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ் என்ற பண்புக்கு மூன்று சம பங்கு என்று ஒரு வரி எழுதினேன். எல்லாம் நேராக நின்றன. பார்க்க அழகாகவும் இருந்தது. அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

எண்கள் எப்படிப் போயின? பக்கத்தின் மேல் நான் வைத்திருந்த ரீசெட் ஸ்டைல் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் குறியீடுகளை எடுத்துவிடும். மெனுவுக்கு அது தேவை. ஊர்ப் பட்டியலுக்கும் அதுவே பாய்ந்துவிட்டது. எண் மட்டும் இருந்திருந்தால் ஓட்டுநர் அண்ணன் 1க்குக் கீழே 4 இருப்பதைப் பார்த்து நின்றிருப்பார்.

கண் ஏன் கீழே போனது

மளிகை லிஸ்ட் பழக்கம் ஒரு காரணம். ஆனால் வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதுவும் ஒரு பக்கத்தில் மூன்று மூன்றாகத்தான் இருக்கும், எண்கள் குறுக்காகப் போகும், யாரும் குழம்புவதில்லை. ஏனென்றால் அங்கே ஒவ்வொரு பெயரும் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது. கட்டங்கள் வரிசையில் நின்றால் கண் பக்கவாட்டில் போகிறது. வெறும் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றால் கண் கீழே இறங்குகிறது.

இன்னொரு காரணம் என் ஸ்டைல் ஷீட்டிலேயே இருந்தது. பெயருக்கும் அதற்குக் கீழுள்ள பெயருக்கும் இடைவெளி 8 பிக்சல். பத்திக்கும் பத்திக்கும் நடுவே 40 பிக்சல். பக்கத்தில் இருப்பதைத்தான் கண் அடுத்ததாக எடுத்துக்கொள்ளும். குறுக்கே படி என்று அடுக்கி வைத்துவிட்டு, இடைவெளியால் கீழே படி என்று நானே சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

தள்ளி வைத்த வழிகள்

கீழ்நோக்கி ஓடி, முடிந்ததும் அடுத்த பத்தியின் தலைக்கு ஏறுகிற அமைப்பு வேண்டும். அதற்குப் பல வழிகள் உண்டு. சிலவற்றைச் செய்து பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

பட்டியலையே மூன்று துண்டாக வெட்டி மூன்று பெட்டிகளில் போடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும். தென்கரைப் பட்டியலில் அது உடனே உடைந்தது. வழக்கமான 127க்குப் பிறகு, கல்வெட்டிலிருந்து கிடைத்த சம்பந்தர் பதிகத்தால் திருவிடைவாயையும் சேர்த்து எண்ணுவது உண்டு. ஐயா அதைச் சேர்க்கச் சொன்னார். ஓர் ஊர் கூடினால் ஒவ்வொரு துண்டின் கடைசி ஊரையும் கையால் இடம் மாற்ற வேண்டும். போனில் வாசிக்கக் கேட்பவருக்கோ ஒரு பட்டியல் மூன்று பட்டியல்களாக அறிவிக்கப்படும். வேண்டாம்.

ஃப்ளெக்ஸ் என்ற இன்னொரு சிஎஸ்எஸ் அமைப்பைக் கீழ்நோக்கி ஓடவிட்டு மடிக்கச் சொல்லலாம். ஆனால் எங்கே மடிப்பது என்று அதற்குத் தெரிய, பெட்டிக்கு உயரத்தை நாம் சொல்ல வேண்டும். வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கியதும் அந்த உயரம் போதாமல் நான்காவது பத்தி முளைத்துத் திரைக்கு வெளியே போய்விட்டது. பழைய நாளில் எதிர்மறை மார்ஜின் (வெளிப்பக்க இடைவெளி) வைத்து இரண்டாம் பத்தியை மேலே இழுக்கும் தந்திரம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வரியின் உயரமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் அதிலும் இதே நோய்தான்.

கிரிட்டிலேயே இருந்துகொண்டு 21 வரிகள் என்று சொல்லி, ஓட்டத்தைக் கீழ்நோக்கித் திருப்பலாம். 63ஐ மூன்றால் வகுத்தால் 21, கணக்கு அழகாக வருகிறது. இது வேலையும் செய்தது. ஆனால் கிரிட்டில் ஒரு வரியின் உயரம் மூன்று பத்திக்கும் பொது. சீர்காழி நீண்டதும், அதே வரியில் பக்கத்துப் பத்திகளில் இருந்த இரண்டு ஊர்களுக்குக் கீழும் பொட்டல் விழுந்தது. தவிர, போனில் ஒரு பத்தி, டேப்லட்டில் இரண்டு பத்தி என்று ஒவ்வொரு அகலத்துக்கும் வரி எண்ணிக்கையைத் தனித்தனியே எழுத வேண்டும்.

பத்தி அமைப்பு

கடைசியில் எடுத்தது சிஎஸ்எஸ்ஸின் மல்டி-காலம் அமைப்பு. நாளிதழ்ப் பத்தியைப் போலவே பொருளை ஊற்றினால் முதல் பத்தி நிறைந்து இரண்டாவதற்கு வழியும். புதியது ஒன்றும் இல்லை. குரோம் 50, ஃபயர்ஃபாக்ஸ் 52 காலத்திலிருந்து முன்னொட்டு இல்லாமலே வேலை செய்கிறது. ஆனால் கட்டுரைகளுக்கு மட்டும்தான் அது என்று நினைத்துக்கொண்டு பட்டியலுக்குப் பலர் கையில் எடுப்பதில்லை.

காலம்ஸ் என்ற சுருக்கப் பண்பில் இரண்டு எண்கள் கொடுத்தேன்: 3, 16 எம் (எழுத்தின் அளவைப் பொறுத்து மாறும் அலகு). பத்தி ஒவ்வொன்றும் குறைந்தது 16 எம் அகலம் இருக்கட்டும், எவ்வளவு இடம் இருந்தாலும் மூன்றுக்கு மேல் போகாதே என்று பொருள். இடைவெளி 2 எம். இதில் உலாவி போடுகிற கணக்கு எளிது. இருக்கிற அகலத்தோடு ஓர் இடைவெளியைக் கூட்டி, பத்தி அகலமும் இடைவெளியும் சேர்ந்த தொகையால் வகுத்து, பின்னத்தை விட்டுவிடும். எம் என்பது 16 பிக்சல் என்றால் பத்தி 256, இடைவெளி 32. மடிக்கணினியில் பக்கத்தின் உள்ளகலம் 1100 என்றால் 1132ஐ 288ஆல் வகுக்க 3.93, ஆக மூன்று பத்தி. போனைப் படுக்கவைத்துப் பார்த்தால் 708 கிடைக்கும், அதற்கு இரண்டு. நிமிர்த்தினால் 328, ஒன்றுதான். திரை அகலத்துக்கு ஏற்ப விதியை மாற்றும் மீடியா குவெரி ஒன்றுகூட எழுதவில்லை. எம்மில் சொல்வதால் எழுத்தைப் பெரிதாக்கினால் பத்தியும் அகலமாகி எண்ணிக்கை தானாகக் குறைகிறது. கண் மங்கியவர்களுக்கு இது பெரிய உதவி.

அகலம் 16 எம் என்று முடிவு செய்தது பட்டியலில் உள்ள நீளமான பெயர்களை வைத்து. திருநல்லூர்ப்பெருமணம் என்பது ஆச்சாள்புரத்தின் பதிகப் பெயர். தமிழெழுத்து ஆங்கில எழுத்தைவிட அகலமானது. ஆங்கிலப் பக்கங்களுக்காகச் சொல்கிற 10 எம், 12 எம் இங்கே பற்றாது. அப்படியும் எழுத்தைப் பெரிதாக்கும்போது பெயர் உடைய வேண்டி வந்தால் கண்ட இடத்தில் உடையக் கூடாது. அதனால் நீண்ட பெயர்களில் திருநல்லூர்ப் என்பதற்கும் பெருமணம் என்பதற்கும் நடுவே டபிள்யூபிஆர் குறியை வைத்தேன். தேவைப்பட்டால் அங்கே மட்டும் உடையும், இணைப்புக்கோடும் வராது.

இனி சின்னச் சின்னச் சிக்கல்கள். எனக்கு நேரம் அதிகம் போனது இவற்றில்தான்.

சீர்காழி இங்கேயும் விடவில்லை. திரையின் அகலம் ஓரளவு மாறும்போது பன்னிரண்டு பெயர்களில் ஏழு முதல் பத்தியின் அடியிலும் ஐந்து அடுத்த பத்தியின் தலையிலுமாக உருப்படி பிளந்தது. உருப்படிகளுக்கு பிரேக்-இன்சைட் பண்பில் அவாய்ட் என்று கொடுத்ததும் சரியானது. ஊர்ப்பெயர் ஒரு பத்தியிலும் அதன் இன்றைய பெயர் அடுத்த பத்தியிலும் போகிற அபாயமும் இதனால் தீர்ந்தது. பட்டியலைப் பத்தியாக்கும் யாரும் இந்த வரியை விடக் கூடாது.

முதல் பத்தி மட்டும் மற்ற இரண்டைவிடச் சற்றுத் தாழ்ந்து தொடங்கியது. உருப்படிக்கு மேல் பக்கம் மார்ஜின் கொடுத்திருந்தேன். பத்தி உடைகிற இடத்தில் அந்த மார்ஜினை உலாவி விழுங்கிவிடும், முதல் பத்தியில் அது அப்படியே நிற்கும். மார்ஜினைக் கீழ்ப் பக்கத்துக்கு மாற்றியதும் மூன்று தலைகளும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

பிறகு எண்கள். ரீசெட்டை இந்தப் பட்டியலுக்கு நீக்கி எண்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். முதல் பத்தியில் நன்றாக இருந்தது. இரண்டாவதில் எண்கள் முதல் பத்தியின் எழுத்தை இடித்தன. பட்டியலுக்கு உலாவி இயல்பாகக் கொடுக்கும் இடப்பக்கப் பேடிங் (உட்பக்க இடைவெளி) முழுப் பெட்டிக்கும் ஒரு முறைதான் சேர்கிறது, ஒவ்வொரு பத்திக்கும் இல்லை. எண் உருப்படிக்கு வெளியே தொங்குவதால் இரண்டாம், மூன்றாம் பத்தி எண்கள் நடு இடைவெளியில் வந்து விழுகின்றன. பட்டியலின் பேடிங்கைப் பூஜ்யமாக்கி, அதே அளவை ஒவ்வோர் உருப்படிக்கும் இடப்பக்க மார்ஜினாகக் கொடுத்தேன். தென்கரையில் மூன்று இலக்கம் வருவதால் அங்கே 3 எம்.

குறியீடு இல்லாத மெனுப் பட்டியல்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சஃபாரியில் குறியீட்டை எடுத்துவிட்டால் ஆப்பிள் கருவிகளில் திரையை வாசிக்கும் வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியல் என்றே சொல்லாமல் விடக்கூடும். அங்கே ரோல் பண்புக்கு லிஸ்ட் என்று எழுதிவிட்டால் மறுபடி பட்டியலாக அறிவிக்கும். இதையும் சேர்த்தேன்.

நீண்ட பத்தி

இவ்வளவும் செய்து ஐயாவிடம் காட்டினேன். மடிக்கணினியில் பார்த்தார். முதல் பத்தியைப் படித்துக்கொண்டே கீழே உருட்டினார், நீடூர் பக்கம் வந்ததும் நின்றார். "அடுத்தது எங்க தம்பி?" அடுத்தது இரண்டாம் பத்தியின் தலையில் இருந்தது, திரைக்கு மேலே. திரும்ப மேலே உருட்ட வேண்டும்.

பத்தி அமைப்பின் உண்மையான குறை இதுதான். ஓர் உருப்படி இரண்டு வரி, இடைவெளியோடு சுமார் 64 பிக்சல். 21 ஊர்களுக்கு 1344. மடிக்கணினித் திரையில் கண்ணுக்குத் தெரிவது அதில் பாதி. தாளில் இது பிரச்சினை இல்லை, தாள் முழுதும் கண்முன் இருக்கிறது. திரையில் பத்தி திரையைவிட உயரமானால் படிப்பவர் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இதற்கு சிஎஸ்எஸ்ஸில் மருந்து தேடி இரண்டு நாள் வீணாக்கினேன். மருந்து ஐயாவிடம் இருந்தது. "ஒரு நாள்ல யாரும் 63 பாக்கப் போறதில்லையே, நாள் கணக்குல பிரிச்சுக்கோயேன்" என்றார்.

உட்கார்ந்து பிரித்தார். 1 முதல் 4 வரை கொள்ளிடத்துக்கு வடக்கே, ஒரு காலை. 5 முதல் 13 வரை கொள்ளிடம் தாண்டிக் கடலோரம். 14 முதல் 21 வரை சீர்காழியிலிருந்து நீடூர் வரை. இப்படியே மேலே. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைப்பு, தலைப்பின் கீழ்த் தனிப் பட்டியல், தனிப் பத்திகள். எண் தொடர வேண்டும் என்பதால் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஸ்டார்ட் என்ற பண்பில் தொடக்க எண்: 5, 14, 22. எந்தப் பகுதியும் ஒரு திரையைத் தாண்டவில்லை. ஒன்பது ஊர் மூன்று பத்தியில் என்றால் பத்திக்கு மூன்று, ஒரே பார்வையில் முடிந்துவிடும். மூன்று பட்டியலாக வெட்ட மாட்டேன் என்று முன்பு சொன்னதற்கு இது முரண் இல்லை. அந்த வெட்டு திரைக்காக, இது பயணத்துக்காக. வாசிக்கக் கேட்பவருக்கும் இந்தப் பிரிவு பொருளோடு கேட்கிறது.

நான்கு ஊர் உள்ள முதல் பகுதியில் ஒரு வினோதம். மூன்று பத்தி இருந்தும் இரண்டு, இரண்டு என்று அடுக்கி மூன்றாவதைக் காலியாக விட்டது உலாவி. பத்திகளைச் சம உயரமாக்குவது அதன் வேலை, நான்கை மூன்றில் போட்டாலும் உயரம் இரண்டு வரிக்குக் குறையாது. அந்தப் பகுதிக்கு மட்டும் உச்சவரம்பை இரண்டு பத்தி ஆக்கினேன்.

அச்சுக்குத் தனி விதி: பத்தி இரண்டு, நடுவில் மெல்லிய கோடு. காலம்-ரூல் என்ற பண்பு அந்தக் கோட்டைத் தரும், இடைவெளியின் அகலத்தைக் கூட்டாது. நடுவில் ஒரு கோடு விழுந்தால் கண் அதைத் தாண்டிக் குறுக்கே போகத் தயங்குகிறது. ஓட்டுநர் அண்ணனிடம் முதலில் காட்டியது அந்தத் தாளைத்தான். விரல் அதே போல நேராகக் கீழே இறங்கியது. சிதம்பரம், வேட்களம். பிறகு கோட்டுக்கு அந்தப் பக்கம் நெல்வாயில், கழிப்பாலை.

அகர வரிசையும் திருவும்

இதோடு முடிந்திருக்கும். ஆனால் ஊர்ப்பெயர் மட்டும் தெரிந்தவர்கள் தேடுவதற்கு 190 தலங்களுக்கும் ஓர் அகர வரிசைப் பட்டியல் வேண்டும் என்று வகுப்பில் கேட்டார்கள். பத்தி அமைப்பு தயாராக இருக்கிறது, வரிசைப்படுத்தி ஊற்றினால் போதும் என்று நினைத்தேன். ஊற்றிப் பார்த்தால் பெரும்பகுதி தி என்ற எழுத்தின் கீழே கிடந்தது. எல்லாம் திரு.

திருவை நீக்கி வரிசைப்படுத்த வேண்டும். திருப்பழனம் என்பதில் திருப் போக மிச்சம் பழனம், சரி. திருக்கண்டியூர் போனால் கண்டியூர். திருவையாறு? திரு போனால் மிஞ்சுவது வையாறு, ஆனால் ஊர் ஐயாறு. வகரம் உடம்படுமெய். திருவாரூர் ஆரூர், திருவிடைமருதூர் இடைமருதூர். ஆனால் திருவெண்காடு வெண்காடுதான், எண்காடு இல்லை. இந்த வேறுபாட்டை நிரலுக்குச் சொல்லித் தர முடியவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் வரிசைக்கான பெயரைத் தனியாக எழுதி வைத்தேன், ஐயா ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுத்தார்.

அப்புறம் இன்னொன்று. ஜாவாஸ்கிரிப்ட் சாதாரணமாக வரிசைப்படுத்தும்போது யூனிகோடு எண்ணைப் பார்க்கிறது. யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் இருக்கின்றன. நம் நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன என்று கடைசியில் வருபவை. அதனால் புன்கூர், புறம்பயம், புள்ளமங்கை என்று வந்தது. இருக்க வேண்டியது புள்ளமங்கை, புறம்பயம், புன்கூர். அப்படியே தலைகீழ். லோகேல்-கம்பேர் என்ற ஒப்பீட்டுக்குத் தமிழின் மொழிக் குறியைக் கொடுத்ததும் நேரானது. தமிழில் பட்டியல் போடுபவர்கள் பத்தியைப் பற்றி யோசிக்கும் முன் இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

எழுத்துத் தலைப்பு ஒரு பத்தியின் அடியில் தனியாகத் தொங்கி, ஊர்கள் அடுத்த பத்திக்குப் போகிற தொல்லையும் வந்தது. எழுத்தையும் அதன் முதல் சில ஊர்களையும் ஒரே கட்டாக்கி, கட்டு உடையக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கிரிட்டை முழுதாக எடுத்துவிடவில்லை. திருவையாற்றைச் சேர்ந்த ஏழூர்த் தலங்களுக்குப் படத்தோடு ஓர் பக்கம் இருக்கிறது: ஐயாறு, பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, நெய்த்தானம். ஒவ்வொன்றும் கோபுரப் படமும் கோடும் உள்ள அட்டை. வாக்காளர் பட்டியல் போல அங்கே கண் குறுக்கேதான் போகிறது, எண்ணும் அட்டையின் மூலையில் இருக்கிறது. அதைப் பத்தியில் ஊற்றிப் பார்த்தேன். ஐயாற்றுக்குப் பக்கத்தில் சோற்றுத்துறை வந்து நிற்க, பார்த்தவர்கள் பழனம் எங்கே என்று கேட்டார்கள். கிரிட்டுக்கே திருப்பினேன்.

வடகரைப் பக்கம் இப்போது இந்த அமைப்பில் இருக்கிறது. விட்டுப்போன வேட்களத்தையும் நெல்வாயிலையும் அடுத்த மாதமே போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். தென்கரைக்கு ஐயா இன்னும் பகுதி பிரித்துக்கொண்டிருக்கிறார். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள தலங்களை ஒரு நாளில் அடக்குவதா, இரண்டு நாளாக்குவதா என்று வகுப்பில் பேச்சு நடக்கிறது. முடிவானதும் தொடக்க எண்களைப் போட்டு ஏற்றிவிடுவேன்.